விளம்பரத் தடையும் களவு பற்றிய கற்பனையும்: ஓர் அறிவிப்பின் திறனாய்வு

கிறிஸ்தவ அறநெறி வகுப்பில் பத்துக் கற்பனைகளைக் குறித்து நாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். "ஐயா, யூடியூபில் காணொளிகளுக்கிடையே வரும் விளம்பரங்களைத் தடுக்கும் மென்பொருளை நான் பயன்படுத்தி வருகிறேன். அது களவாகுமா?" என்று அவர் கேட்டார். வகுப்பில் நகைப்பு எழுந்தது, கேட்டவர் நகைக்கவில்லை. அப்பொழுது அவருக்கு அடுத்து அமர்ந்திருந்த மற்றொரு மாணவர், தம் தமையனார் சமையற் காணொளிகளை வெளியிட்டு அதில் வரும் வருவாயைக் கொண்டே குடும்பம் நடத்துகிறார் என்றும், அத்தகையோரின் கூலியிலேயே இம்மென்பொருள் கை வைக்கின்றது என்றும் கூறினார். நகைப்பு அடங்கிற்று. அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. அதன் பின் சிந்தித்ததன் பயனே இக்கட்டுரை.

இவ்வினாவுக்கு விடை காண நாம் ஒரு வாசகத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கின்றோம். 2023ஆம் ஆண்டில் யூடியூப் நிறுவனம், விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துவோரின் திரையில் ஓர் அறிவிப்பைக் காட்டத் தொடங்கிற்று. அது சில வரிகளே கொண்டது. அதனை ஒரு தொழில்நுட்பச் செய்தியென்று கருதி மூடிவிடுவோரே பலர். ஆயினும் அவ்வரிகளுக்குள் ஓர் அறநெறி வாதம் அடங்கியுள்ளது. எந்த வாசகத்தை எடுத்தாலும், பேசுபவர் யார், கேட்பவர் யார், எச்சூழலில் அது பிறந்தது, எதனைச் சொல்கின்றது, எதனைச் சொல்லாது விடுகின்றது என்று வினவுவதற்கு இறையியற் கல்லூரியில் நாம் பயிற்சி பெற்றிருக்கின்றோம். அப்பயிற்சியை இவ்வறிவிப்பின்மீதும் செலுத்திப் பார்ப்பது தகும்.

1. வாசகத்தின் வாழ்நிலை

யூடியூப் 2005ஆம் ஆண்டு தோன்றியது. அடுத்த ஆண்டே கூகுள் நிறுவனம் அதனை 165 கோடி டாலர் மதிப்பிலான பங்குகளுக்கு வாங்கிற்று. 2007இல் காணொளியின் அடிப்பகுதியில் விளம்பரங்கள் தோன்றலாயின. 2010ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு புதுமை புகுந்தது. காணொளிக்கு முன் வரும் விளம்பரத்தை ஐந்து வினாடிகள் பார்த்தபின் 'தவிர்' என்னும் பொத்தானை அழுத்திப் பார்வையாளர் கடந்து செல்லலாம். அவர் முப்பது வினாடிகளேனும் பார்த்தால், அல்லது குறுகிய விளம்பரமாயின் அதனை முழுவதும் பார்த்தால், அல்லது அதனைத் தொட்டு உட்சென்றால் மட்டுமே விளம்பரதாரர் பணம் செலுத்துவார். பார்வையாளரின் மறுப்பையும் கணக்கில் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது. இதனை நாம் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

அதன்பின் ஏற்பட்ட வளர்ச்சி வேறு திசையில் சென்றது. 2016இல் தவிர்க்க இயலாத ஆறு வினாடி விளம்பரங்கள் வந்தன. காணொளியின் நடுவே விளம்பரம் புகுத்துவதற்குப் பத்து நிமிட நீளம் வேண்டுமென்றிருந்த வரம்பு, 2020 ஜூலையில் எட்டு நிமிடமாகக் குறைக்கப்பட்டது. தொலைக்காட்சித் திரையில் பார்ப்போருக்குத் தவிர்க்க இயலாத முப்பது வினாடி விளம்பரங்கள் அமெரிக்காவில் 2023 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டன. இத்தளத்தின் விளம்பர வருவாய் 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,510 கோடி டாலர். 2024ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 3,610 கோடி டாலராக உயர்ந்தது.

மறுபுறத்தில், பார்வையாளரின் மறுப்பும் புதியதன்று. 1955ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் செனித் நிறுவனம், இருந்த இடத்திலிருந்தே ஒளிக்கற்றையைப் பாய்ச்சித் தொலைக்காட்சி விளம்பரத்தின் ஒலியை அடக்கும் கருவியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீட்டிலிருந்தவாறு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து பின்னர்ப் பார்ப்பது சட்டத்துக்கு மாறானதன்று என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. 2002ஆம் ஆண்டில் டர்னர் தொலைக்காட்சி நிறுவனத்தின் தலைவராயிருந்த ஜேமி கெல்னர், விளம்பரங்களைத் தாண்டிச் செல்வது திருட்டே என்று கூறினார். அப்படியாயின் விளம்பர நேரத்தில் கழிவறைக்குச் செல்வதும் திருட்டாகுமோ என்று வினவப்பட்டபோது, அதற்குச் சிறிது இடங்கொடுக்கலாம் என்று அவர் விடையிறுத்தார். நம் மாணவர் எழுப்பிய வினா இருபது ஆண்டுகளுக்கு முன்னரே எழுப்பப்பட்டதென்பதை இது காட்டுகின்றது. அதற்குக் கிடைத்த விடையின் வலுவின்மையையும் இது காட்டுகின்றது.

தடுப்பான் இயங்கும் முறையையும் சுருங்கக் கூறுதல் நலம். நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது உலாவியானது அப்பக்கத்தின் பகுதிகளைப் பல முகவரிகளிலிருந்து கேட்டுப் பெறுகின்றது. விளம்பரங்களும் வேவு பார்க்கும் நிரல்களும் வரும் முகவரிகளின் பட்டியலொன்றைத் தடுப்பான் வைத்திருக்கின்றது. அப்பட்டியலிலுள்ள முகவரிகளுக்கு உலாவி கேட்பு அனுப்பாதபடி அது தடுத்துவிடுகின்றது. பிறருடைய வீட்டில் நுழைந்து அது எதனையும் எடுப்பதில்லை. தன் வீட்டுக்குள் வருவனவற்றுள் சிலவற்றை வாசலில் நிறுத்துகின்றது. 2006இல் வெளிவந்த ஆட்பிளாக் பிளஸ், ரேமண்டு ஹில் என்பவர் 2014இல் தொடங்கிய யூபிளாக் ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை.

2. வாசகம் கூறுவது

அறிவிப்பின் கூற்றுகளை நம் சொற்களில் இவ்வாறு தொகுக்கலாம். முதலாவது, நீங்கள் தடுப்பானைப் பயன்படுத்துவதாகத் தோன்றுகின்றது. இரண்டாவது, அது இத்தளத்தின் விதிமுறைகளை மீறுவதாகும். மூன்றாவது, விளம்பரங்களே உலகெங்குமுள்ள கோடிக்கணக்கானோருக்கு இத்தளம் இலவசமாய் இருப்பதற்கு வழி செய்கின்றன. நான்காவது, சந்தா செலுத்தினால் விளம்பரமின்றிப் பார்க்கலாம். அப்பொழுதும் படைப்பாளர்களுக்குப் பணம் சென்று சேரும். இதன் கீழே இரண்டு பொத்தான்கள் உள்ளன: விளம்பரங்களை அனுமதித்தல் ஒன்று, சந்தாவை ஏற்றல் மற்றொன்று. மூன்று காணொளிகளுக்குப் பின் காட்சி நிறுத்தப்படும் என்னும் எச்சரிக்கையும் சிலருக்குக் காட்டப்பட்டது.

சட்டம், இரக்கம், நீதி ஆகிய மூன்றையும் இச்சிறு வாசகம் துணைக்கு அழைக்கின்றது. 'மீறல்' என்பது சட்டத்தின் சொல். 'இலவசம்' என்பது எளியோர்மேலுள்ள இரக்கத்தைத் தூண்டும் சொல். 'படைப்பாளருக்குப் பணம்' என்பது கூலியாளின் நீதியை நினைவூட்டும் சொல். இம்மூன்றையும் தனித்தனியே ஆராய்வோம்.

3. 'இலவசம்' என்னும் சொல்

இச்சொல்லைக் குறித்து நமக்கு ஒரு பொறுப்பு உண்டு. பணமின்றியும் விலையின்றியும் வந்து பெற்றுக்கொள்ளும்படி ஏசாயா 55ஆம் அதிகாரம் விடுக்கும் அழைப்பையும், கிருபையைக் குறித்த பவுலடியாரின் போதனையையும் விளக்குவது நம் ஊழியம். சீர்திருத்தச் சபைகள் பிறந்ததே இச்சொல்லின் பொருளைப் பற்றிய வழக்கிலேயாம். கிருபை இலவசமென்று நாம் கூறும்போது, கொடுப்பவர் பெறுபவரை எவருக்கும் விற்பதில்லை என்று பொருள்.

அறிவிப்பிலுள்ள 'இலவசம்' அத்தகையதன்று. அங்கே பணம் செலுத்தப்படுகின்றது, செலுத்துபவர் விளம்பரதாரர். அவர் அன்பினிமித்தம் செலுத்துவதில்லை. அவர் பணம் கொடுத்து ஒன்றை வாங்குகின்றார். அவர் வாங்கும் பொருள் காணொளியன்று, அதனைப் பார்க்கும் மனிதரின் நேரமும் கவனமுமே. செய்தி பெருகும்போது கவனம் அருகிப்போகும் என்று பொருளியலறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971இல் சுட்டிக்காட்டினார். ஒளிபரப்பு நிறுவனங்கள் விளம்பரதாரருக்கு விற்கும் சரக்கு பார்வையாளர் கூட்டமே என்று கனடிய அறிஞர் டல்லஸ் ஸ்மித் 1977இல் வாதிட்டார். இவ்விருவரும் எழுதியபோது யூடியூப் இல்லை. அவர்கள் கூறியதோ இன்று பெரிதும் பொருந்துகின்றது. விற்கப்படும் பொருளாகிய மனிதரை நோக்கி, 'உமக்கு இது இலவசம்' என்று சொல்வது முழு உண்மையன்று.

ஆயினும் இவ்வேற்பாட்டை நாம் முற்றிலும் இகழ்ந்துவிடலாகாது. கட்டணம் செலுத்தவியலாத மாணவியொருத்தி சிற்றூரிலிருந்தவாறு கணிதப் பாடம் கேட்கவும், தையற்காரர் ஒருவர் புதிய வெட்டு முறையைக் கற்கவும் இத்தளம் உதவுகின்றது. இது மெய்யான நன்மையே. நாம் குறை காண்பது வேறிடத்தில். இந்தியாவில் விளம்பரமற்ற தனிநபர்ச் சந்தா 2024 ஆகஸ்டில் மாதம் 129 ரூபாயிலிருந்து 149 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதனைக் கொடுக்க இயன்றவர் அமைதியை விலைக்கு வாங்குகின்றார். இயலாதவர் தம் நேரத்தாலும் கவனத்தாலும் செலுத்துகின்றார். கையில் பணம் குறைந்தவரிடமே விளம்பரம் மிகுதியாய்ப் பேசுகின்றது. கடன் வாங்கவும், சூதாட்டம் போன்ற விளையாட்டில் பணம் கட்டவும் அவரையே அழைக்கின்றது. எளியோரின்பொருட்டே விளம்பரம் என்னும் வாதத்தின் மறுபக்கம் இது.

4. 'மீறல்' என்னும் சொல்

விதிமுறை மீறப்படுகின்றது என்பதை மறுப்பதற்கில்லை. தளத்தைப் பயன்படுத்துபவர் அதன் விதிமுறைகளை ஏற்றவராகவே கருதப்படுகின்றார். கொடுத்த வாக்கைக் காப்பது கிறிஸ்தவரின் கடமை. ஆகவே, 'எவரும் படியாத விதிமுறைதானே' என்று நகைத்து ஒதுக்குவது நமக்குத் தகாது. தம் காணொளித் தளத்தில் பார்வையாளர் தடுப்பானைப் பயன்படுத்துவதை அனுமதிக்க மறுக்கும் உரிமையும் அந்நிறுவனத்துக்கு உண்டு.

எனினும் ஒப்பந்த மீறல் அனைத்தும் களவாகிவிடாது. இவ்வொப்பந்தத்தின் தன்மையையும் நோக்கவேண்டும். இரு தரப்பினர் கூடிப் பேசி எழுதியதன்று இது. ஒரு தரப்பு எழுதி, ஒரு தரப்பே திருத்தி வருவது. தவிர்க்கும் உரிமையைத் தந்ததும், அதனைப் படிப்படியாய்ச் சுருக்கியதும் அத்தரப்பே. முன்னர் நாம் நினைவில் வைக்கக் கூறியது இங்கே பயன்படுகின்றது. 2010இல் பார்வையாளரின் மறுப்பை முறையானதென்று ஏற்றுக்கொண்ட ஒரு நிறுவனம், அம்மறுப்பை இயல்பிலேயே குற்றமானதென்று பின்னர்க் கூற இயலாது. ஐந்து வினாடிக்குப் பின் மறுப்பது உரிமை, அதற்கு முன் மறுப்பது மீறல் என்றால், இங்கு நடைபெறுவது விலையைப் பற்றிய வழக்கே. விலை வழக்கில் நியாயம் இருக்கலாம். அதனைச் சீனாய் மலையின் மேல் ஏற்றலாகாது.

நீதிமன்றங்களும் இதனைக் களவென்று கொள்ளவில்லை. ஆட்பிளாக் பிளஸை வெளியிடும் அய்யோ நிறுவனத்தின்மேல் ஆக்செல் ஸ்பிரிங்கர் பதிப்பகம் தொடுத்த வழக்கில், தடுப்பானை வழங்குவது முறையற்ற வணிகப் போட்டியன்று என்று ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை, தேடுபொறி விளம்பரங்களில் மோசக்காரர் நம்பகமான நிறுவனங்களின் பெயரில் மக்களை ஏமாற்றுவதைச் சுட்டி, தடுப்பானைப் பயன்படுத்துமாறு பொதுமக்களுக்கு அறிவுரை கூறிற்று. அரசின் காவல் துறையே பரிந்துரைத்த ஒன்றைக் கள்ளனின் கருவியென்று பொதுப்படக் கூறுவது கடினம்.

மார்ட்டின் லுத்தர் 1529இல் வெளியிட்ட பெரிய ஞானோபதேசத்தில் இக்கற்பனையை விரித்துரைத்தார் என்பதை மாணவர் அறிவர். லுத்தரன் சபையார் ஏழாவதாகவும் ஏனைய நம் சபையார் பெரும்பாலும் எட்டாவதாகவும் எண்ணுவது அது. பெட்டியை உடைத்துத் திருடுவதோடு களவு முடிவதில்லை. சந்தையில் கள்ளச் சரக்கை விற்பதும், அயலானின் தேவையைப் பயன்படுத்தி அவனைச் சுரண்டுவதும் களவே என்று அவர் கற்பித்தார். பேரளவில் திருடுவோர் மதிப்புக்குரியோராய் உலாவுவதையும் அவர் கண்டித்தார். இவ்வளவுகோலை எடுத்தால் அது முதலில் விளம்பரச் சந்தையின்மேல் விழும். பொய்க் கடன் விளம்பரத்துக்குப் பணம் பெற்று அதனை ஏழையின் கைபேசிக்குள் கொண்டு சேர்க்கும் இடைத்தரகனுக்கு இக்கற்பனை எதுவும் சொல்லாதோ? ஆனால் லுத்தரின் அளவுகோல் இருபுறமும் கூர்மையானது. அயலானின் உழைப்பினால் பயன்பெற்று அவனுக்கு இழப்பு உண்டாக்குகின்ற எவரையும் அது விட்டுவைப்பதில்லை. ஆகவே மூன்றாவது சொல்லுக்கு வருகின்றோம்.

5. 'படைப்பாளர்' என்னும் சொல்

அறிவிப்பின் வாதங்களுள் வலிமை மிக்கது இதுவே. நீண்ட காணொளிகளுக்கு முன்னும் இடையிலும் வரும் விளம்பர வருவாயில் 55 விழுக்காட்டை, தன் பங்காளர் திட்டத்திலுள்ள படைப்பாளர்களுக்கு யூடியூப் வழங்குகின்றது. தடுப்பான் இயங்குமிடத்தில் அப்பங்கு எழுவதில்லை. லூக்கா 10ஆம் அதிகாரத்தில் வேலையாளின் கூலியைக் குறித்து நம் ஆண்டவர் கூறியதையும், போரடிக்கும் மாட்டைக் குறித்த நியாயப்பிரமாணத்தைப் பவுல் எடுத்தாண்டதையும் நம் சம்பளத்துக்கு ஆதாரமாய்க் காட்டும் நாம், சமையற் காணொளி செய்யும் ஒரு தமையனின் கூலியைக் குறித்து அலட்சியமாய் இருக்கலாகாது. அன்று வகுப்பில் பேசிய இரண்டாம் மாணவரின் முறையீடு நியாயமானதே.

ஆனால் அறிவிப்பு இதிலும் பாதியையே கூறுகின்றது. விளம்பர வருவாயில் பங்கு பெறுவதற்கு 1,000 சந்தாதாரரும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும், அன்றேல் குறுங்காணொளிகளுக்கு மிகப் பெரிய பார்வை எண்ணிக்கையும் வேண்டும். அத்தகுதியை எட்டாதவரின் காணொளிகளிலும் விளம்பரம் இடலாம் என்று 2020 நவம்பரில் விதிமுறை திருத்தப்பட்டது. முதலில் அமெரிக்காவிலும் 2021இல் பிற நாடுகளிலும் அது நடைமுறைக்கு வந்தது. அக்காணொளிகளில் வரும் விளம்பரத்துக்குப் படைப்பாளருக்குப் பங்கில்லை. தொடக்க நிலையிலுள்ள உழைப்பாளியின் போரடிப்பில் அவன் வாய் கட்டப்பட்டிருக்கின்றது. ஆகவே படைப்பாளரின் பெயரால் பேசும் குரல், எல்லாப் படைப்பாளருக்காகவும் பேசும் குரலன்று.

அப்படியாயினும் இக்குறைபாடு தடுப்பானைப் பயன்படுத்துபவரை விடுவிப்பதில்லை. நிறுவனம் சிறியோருக்கு அநீதி செய்கின்றது என்பதனால், நாமும் பெரியோர் சிறியோர் அனைவருக்கும் ஒன்றும் கொடாமலிருக்கலாம் என்று ஆகாது. விளம்பரத்தை மறுப்பவர் அதன் மூலம் தாம் எவரிடமிருந்து பயன்பெறுகின்றாரோ அவருக்கு வேறு வழியில் கடன்பட்டிருக்கின்றார். நேரடியாகப் பொருளுதவி செய்தல், அவருடைய நூலை அல்லது பொருளை வாங்குதல், சந்தா செலுத்துதல், அவருக்காகத் தடையை நீக்குதல் எனப் பல வழிகள் உள்ளன. இயலாதவரை நாம் நெருக்கவில்லை. இயன்றும் கொடாதவர், 'நான் விளம்பரத்துக்குத்தான் எதிரி' என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள முடியாது.

6. பார்வையாளரின் மறுமொழி

இவ்வறிவிப்புக்குப் பார்வையாளர் எவ்வாறு மறுமொழி தந்தனர்? சிலர் சந்தா செலுத்தினர். சிலர் தடுப்பானை நீக்கினர். வேறு சிலர் ஒரு தடுப்பானை விட்டு மற்றொன்றுக்கு மாறினர். தடுப்பான்களைப் பேணும் தன்னார்வலர் நாள்தோறும் பட்டியல்களைத் திருத்த, நிறுவனமும் தன் நிரலைத் திருத்த, இருதரப்பினரிடையே ஓர் ஓட்டப்பந்தயமே நிகழ்ந்தது. தடுப்பான் உள்ளதா என்று பயனரின் கருவியை ஆராய்வதே தனியுரிமைச் சட்டத்துக்கு முரண் என்று ஆர்வலர் ஒருவர் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் 2023இல் முறையிட்டார். விளம்பரத்தைக் காணொளியிலிருந்து பிரித்தறிய இயலாதவாறு வழங்கியிலேயே இரண்டையும் ஒன்றாய்த் தைத்து அனுப்பும் முறை 2024இல் சோதிக்கப்பட்டது.

தடுப்பான்களின் உலகமும் மாசற்றதன்று. ஆட்பிளாக் பிளஸ் 2011இல் 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. தொந்தரவு குறைந்தவையென்று அது கருதும் விளம்பரங்கள் அத்திட்டத்தின்படி அனுமதிக்கப்படுகின்றன. பெரிய நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் செலுத்துகின்றன. வாசலைக் காக்க நிறுத்தப்பட்டவன் நுழைவோரிடம் சுங்கம் வாங்குகின்றான். இதற்கு மாறாக, யூபிளாக் ஆரிஜினை உருவாக்கிய ஹில் நன்கொடையையும் ஏற்பதில்லை. ஒரே பெயரால் அழைக்கப்படும் கருவிகளுக்குள்ளும் இவ்வளவு வேறுபாடு உண்டு.

இம்மறுமொழிகளில் நாம் மதிக்கத்தக்க ஒன்றைக் காண்கின்றோம். தம் கவனம் தமக்குரியதென்றும், கேளாமல் அதனை எடுத்துக்கொள்வது தகாதென்றும் மக்கள் உணர்ந்திருக்கின்றனர். தெய்வசாயலாய்ப் படைக்கப்பட்ட மனிதர் விலைப்பொருளாக மறுப்பதன் ஒரு சிறு ஒலி அதில் கேட்கின்றது. ஆயினும் அம்மறுப்பு பாதிவழியில் நின்றுவிடுகின்றது என்பதையும் கூறவேண்டும். விளம்பரத்தைத் தடுத்து மூன்று நிமிடம் மீட்டவர், அம்மூன்று நிமிடத்தையும் அடுத்து அடுத்து என்று பரிந்துரைக்கப்படும் காணொளிகளிலேயே செலவிடுகின்றார். நம்மைத் திரையின் முன் நிறுத்தி வைக்கும் அப்பரிந்துரை முறையைத் தடுப்பான் தடுப்பதில்லை. தொந்தரவை வெறுப்பது ஒன்று. தன் கவனத்தை ஆளுவது மற்றொன்று. உபவாசத்தைப் பற்றி நாம் கற்பிப்பதும் இதுவே. சுவையற்ற உணவை ஒதுக்குவது உபவாசமாகாது.

7. திருச்சபைக்கு உரியது

இதுவரை நாம் கூறியவை பொதுவானவை. இனி நம் வீட்டுக்குள் வருவோம். 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் ஆலயங்கள் மூடப்பட்டபோது நம் சபைகள் ஆராதனைகளைக் காணொளியாய் வெளியிடத் தொடங்கின. நோயாளிகளும் முதியோரும் அதனால் பயனடைந்தனர். ஊரடங்கு நீங்கிய பின்னும் பல சபைகளில் அது தொடர்கின்றது. அந்த ஆண்டிலேயே மேற்கூறிய விதிமுறைத் திருத்தமும் வந்ததென்பதை நாம் கவனித்தோமா?

இதன் விளைவை எண்ணிப் பார்க்கவேண்டும். சில நூறு சந்தாதாரரைக் கொண்ட ஒரு சிற்றூர்ச் சபையின் ஆராதனைக் காணொளியில் விளம்பரம் வரலாம். சபைக்கு அதில் பங்கில்லை. பங்காளர் திட்டத்துக்குள் வராத சபைக்கு அதனை நிறுத்தும் அதிகாரமும் இல்லை. பாவ அறிக்கைக்கு முன்னோ திருவிருந்து ஆராதனையின் தொடக்கத்திலோ எப்பொருளின் விளம்பரம் வரும் என்பதை ஆயர் அறியார். மறுபுறம், ஆயிரக்கணக்கான சந்தாதாரரைக் கொண்ட சபைகளுக்கும் ஊழியங்களுக்கும் விளம்பரத்தை நிறுத்தும் வசதி உண்டு. அதனை நிறுத்தாவிடில் வருவாயும் உண்டு.

ஆமோஸ் தீர்க்கதரிசி தம் நூலின் 8ஆம் அதிகாரத்தில், தானியம் விற்பதற்காக ஓய்வுநாள் எப்பொழுது முடியுமென்று ஏங்கிய வணிகரைக் கண்டித்தார். அவ்வணிகர் பேராசைக்காரர்; கள்ளத் தராசு வைத்தவர். ஆயினும் ஓய்வுநாள் முடியும்வரை அவர்கள் காத்திருந்தனர். இன்றைய சந்தைக்கு அக்காத்திருப்பும் தேவையில்லை. ஆராதனையின் நடுவிலேயே அது கடை விரிக்கின்றது. அவ்விடத்தை அதற்குத் திறந்துவிட்டவர் நாமே. விளம்பர வருவாயை ஊழியத்துக்கென்று ஏற்கும் சபையார், தம் மக்களின் ஜெப நேரத்தை எவருக்கோ விற்றுத் தரகு பெறுகின்றோமா என்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளவேண்டும். தேவவசனத்தை வணிகப் பொருளாக்குவதைக் குறித்துக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுல் விடுத்த எச்சரிக்கை, நாம் பிறர்மேல் எறியும் கல்லாய் மட்டும் இருத்தலாகாது.

நம் பிரசங்கமுங்கூட இச்சந்தையின் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு வருவதை நாம் அஞ்சுகின்றோம். கேட்பவர் முதல் ஐந்து வினாடிக்குள் தவிர்த்துவிடுவார் என்னும் அச்சத்தினால், அதிர்ச்சி தரும் சொல்லைக் கொண்டு தொடங்குவதும், காணொளியின் முகப்பில் மிகைப்பட்ட தலைப்பை இடுவதும் பெருகிவருகின்றன. விளம்பரத்தைத் தடுக்கலாமா என்று கேட்கும் மாணவருக்கு, விளம்பரத்தைப்போல் பேசும் போதகர் என்ன விடை கூறுவார்?

8. முடிவுரை

நாம் கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். விளம்பரத்தைத் தடுப்பது, அக்கற்பனை விலக்கும் களவு என்று நாம் கருதவில்லை. தன் கவனத்தை எவருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமையை மனிதர் விற்றுவிடவில்லை, விற்கவும் கூடாது. ஆயினும் தடுப்பவருக்குக் கடன் உண்டு. உழைத்தவருக்கு உரியதைச் சேர்ப்பது ஒரு கடன். மீட்ட நேரத்தை மீண்டும் சந்தைக்கே கொடாமலிருப்பது மற்றொரு கடன். அறிவிப்பானது முதற்கடனைத் தன் பெயரில் வசூலிக்க முனைகின்றது. இரண்டாம் கடனைப் பற்றி அது வாய் திறவாது. வாய் திறக்கவேண்டியவர் நாமே.

சபைகளுக்கு மூன்று காரியங்களை முன்வைக்கின்றோம். விளம்பரத்தை நிறுத்தும் வசதியுள்ள சபைகள் ஆராதனைக் காணொளிகளில் அதனை நிறுத்தவேண்டும். அவ்வசதியற்ற சிறு சபைகள், ஆராதனையின் ஒலிப்பதிவையேனும் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் வாட்ஸ்அப் வழியாகவோ வேறு வகையிலோ நேரே அனுப்பலாம். காணொளியில் வரும் விளம்பரம் சபையின் பரிந்துரையன்று என்பதையும் மக்களுக்கு அறிவிக்கவேண்டும். மூன்றாவதாக, திடப்படுத்தல் வகுப்புகளிலும் வாலிபர் கூட்டங்களிலும் களவைக் குறித்த கற்பனையைப் போதிக்கும்போது, கவனத்தையும் நேரத்தையும் அதற்குள் வைத்துப் போதிக்கவேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்றைச் செய்யுமாறு நம் ஆயர்களை வேண்டுகின்றோம். கடந்த ஞாயிறு ஆராதனையின் காணொளியை, தடுப்பானோ சந்தாவோ இல்லாத ஓர் எளிய கைபேசியில், தொடக்கமுதல் ஆசீர்வாதம்வரை முழுவதும் அமர்ந்து பாருங்கள். இடையில் வந்தவை எவை, எந்த இடத்தில் வந்தன என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். படுக்கையிலிருந்தவாறு நம்மோடு ஆராதிக்கும் தாயார் வாரந்தோறும் காண்பது இன்னதென்று அப்பொழுது நமக்குத் தெரியவரும். அத்தாளைச் சபை ஆலோசனைக் குழுவின் முன் வைத்தபின், மாணவரின் வினாவுக்கு விடை கூறும் தகுதி நமக்கு உண்டாகும்.